பொட்டு வைத்த டம்ளர்

என் மாமியாருக்கு உதடே கிடையாது என்றுதான் எங்கள் கருவி முதலில் சொன்னது. நாக்கு உண்டு, அதற்கு நானே ஐந்து வருடச் சாட்சி. உதடு பற்றி மட்டும் கருவிக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

கருவியைக் குற்றம் சொல்ல முடியாது. டம்ளரின் அடியில் பதித்த, கண்ணுக்கே தெரியாத ஒரு பிளாட்டின நுனி அது. குடிப்பவரின் எச்சில் கொஞ்சமாவது காப்பியில் கலந்தால்தான் குடித்தது யார் என்று அதற்குத் தெரியும். என் மாமியார் கோமளவல்லி, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அண்ணாந்தே குடித்துப் பழகியவர். தண்ணீரோ மோரோ ஆவி பறக்கும் காப்பியோ, டம்ளர் வாய்க்கு ஒரு சாண் உயரத்தில் நிற்கும். ஒரு சொட்டு சிந்தாமல் உள்ளே இறங்கும். எங்கள் குழுவில் வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் பேசிவிட்டு வந்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். நம் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் குடிப்பார்கள் என்பது டம்ளரைச் செய்து முடிக்கும்வரை ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. இத்தனைக்கும் மூன்று பேருமே மதுரையைச் சுற்றி அண்ணாந்து குடித்து வளர்ந்தவர்கள்.

என் பெயர் பவளக்கொடி. படித்தது மின்வேதியியல். தொண்டைக் காய்ச்சல் இரண்டு தடவை ஊரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போன பிறகு, ஒரு டீ கிளாஸைத் தொடவே ஜனங்கள் பயந்துகொண்டிருந்த காலம் அது. கிளாஸ் சுத்தமா இல்லையா என்று கிளாஸே சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்தவர் எங்கள் கம்பெனி முதலாளி அமல்ராஜ். சொல்ல வைத்தது நான். மாட்டுத்தாவணிக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் லேப் இருந்தது.

அங்கே அப்படி என்னதான் செய்கிறாய் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் கேட்டார். கையில் கொத்தவரங்காயும் கத்தியும் இருந்தன. கணக்கு டீச்சரிடம் மழுப்ப முடியாது. மழுப்பினால் வழிமுறையை எழுதிக் காட்டச் சொல்வார்.

"எந்த டெஸ்ட்டு எடுத்தாலும் கோடிக்கணக்கான துகளை ஒண்ணாச் சேத்து மொத்தமாத்தான் அளப்பாங்க, அத்தை. நாங்க ஒவ்வொண்ணாக் கேக்குறோம். தகரக் கொட்டாய்ல மழை பெய்யறப்ப மொத்த இரைச்சலையும் விட்டுட்டு, ஒரே ஒரு சொட்டு விழுற சத்தத்த மட்டும் கேக்குற மாதிரி. எங்க நுனி அவ்வளவு சின்னது. ஒரு நேரத்துல ஒரு துகள்தான் வந்து முட்டும். முட்டுனா அதுல ஓடுற மின்சாரம் துளி அசையும். அந்த அசைவ வச்சு முட்டுனது கிருமியா, பாலா, மனுசன் எச்சியான்னு சொல்லிரலாம்."

அவர் கத்தியை நிறுத்தினார்.

"வகுப்புச் சராசரி மார்க்கு அம்பத்திரெண்டும்பாங்க. ஒரு பய அம்பத்திரெண்டு வாங்கியிருக்க மாட்டான்," என்றார். "ஒவ்வொருத்தனா எந்திரிக்கச் சொல்லிக் கேட்டாத்தான் எவன் என்னன்னு தெரியும். அதானே?"

அதேதான் என்றேன். பாலுடன் நான் பட்ட பாட்டையும் சொன்னேன். பாலில் இருக்கும் கொழுப்பு உருண்டைகள் நுனியில் வந்து மோதினால் சைக்கிள் போகிற சந்தில் டவுன் பஸ் நுழைந்த மாதிரி இருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு எச்சிலில் இருக்கும் பொடித் துகள்களை மட்டும் கேட்கச் செய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தத் துகள்கள் நம் உடம்பு செல்கள் உதிர்க்கும் சின்னஞ்சிறு பைகள். ஆளுக்கு ஆள் அவற்றின் மேல்தோல் மாறும். ஆயிரக்கணக்கில் முட்ட விட்டுக் கேட்டால் குரலை வைத்து ஆளைச் சொல்கிற மாதிரி இன்னார் என்று சொல்லிவிடலாம். சொந்தக்காரர்களின் குரல் போலவே இதிலும் குடும்பச் சாயல் இருக்கும்.

"அண்ணாந்து குடிச்சா?"

"தெரியாது."

"உதடு பட்டா?"

"பட்டா தெரிஞ்சிரும். யாருன்னும் தெரிஞ்சிரும்."

சரி என்று அவர் கொத்தவரங்காய்க்குத் திரும்பினார். நானும் அதோடு அந்தப் பேச்சை மறந்துவிட்டேன்.

எங்கள் டம்ளரைச் சுற்றி ஒரு மெல்லிய விளக்கு வளையம் உண்டு. டம்ளருக்கு உரியவரைத் தவிர வேறு யாருடைய எச்சில் பட்டாலும் சிவப்பு எரியும். கிருமியைக் கண்டுபிடிக்கத்தான் ஆரம்பித்தோம். ஆனால் கிருமியைவிட அடுத்தவன் எச்சிலுக்குத்தான் ஜனங்கள் அதிகம் பயப்படுகிறார்கள் என்பதை அமல்ராஜ் சீக்கிரமே கண்டுகொண்டார். முதலில் டீக்கடைகளுக்குக் கொடுத்தோம். ஆளுக்கு ஒரு பதிவு, பதிவு உள்ளவர்களுக்கு விளக்கு வைத்த கிளாஸ், மற்றவர்களுக்குச் சாதாரணக் கிளாஸ் என்று ஆனது. சாதாரணக் கிளாஸை முதலில் உள்ளே ஒரு தட்டில் வைத்தார்கள். பிறகு தட்டு வாசலுக்கு வந்தது. பிறகு அந்தக் கிளாஸில் குடிப்பவர்கள் நிற்கும் இடமும் வாசலுக்கு வந்தது. மூட்டை தூக்குபவர்கள், தெருக் கூட்டுபவர்கள், வெளியூர் ஆட்கள். யாரும் யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. விளக்குதான் சொன்னது.

என் அப்பா லாரி ஓட்டியவர். அவர் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கடையில் எங்கள் தெருக்காரர்களுக்கென்று ஓட்டில் செருகி வைத்த தனிக் குவளை உண்டு. நான் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் வந்தார். லேப் வாசலில் இருந்த கடையில் டீ குடிக்கக் கூட்டிப் போனேன். அவருக்குப் பதிவு இல்லை. எனக்கு உள்ளே விளக்குக் கிளாஸும் அவருக்கு வாசல் தட்டில் இருந்து ஒரு கிளாஸும் வந்தன.

அப்பா கோபப்படவில்லை. கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவால்லத்தா, எங்க காலத்துல லைட்டு இல்ல," என்றார். நிஜமாகவே சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் டீயை அப்படியே வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. ஊர் டம்ளரையெல்லாம் பிரித்துக் கொடுத்த எனக்கு வீட்டிலேயே ஒரு தனி டம்ளர் இருந்தது.

நானும் சிவநேசனும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவன் வீடு வேறு, என் வீடு வேறு. மாமியார் கல்யாணத்துக்குத் தடை சொல்லவில்லை. முகூர்த்தப் புடவையை அவரே எடுத்தார். ஆனால் நான் அந்த வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே என் காப்பி டம்ளரின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. நேசன் டம்ளரில் இல்லை, மாமியார் டம்ளரில் இல்லை, வருகிறவர்கள் போகிறவர்கள் டம்ளரிலும் இல்லை. எனக்குப் புரியாமல் இருக்குமா? கேட்டேனா என்றால் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்.

மற்றபடி அவர் என்னிடம் ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்குப் பிடிக்கும் என்று வாரம் இரண்டு நாள் கருவாட்டுக் குழம்பு தெருவே மணக்க வைப்பார். அவர் அதைத் தொடக்கூட மாட்டார். பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்த மூன்று மாதமும் தினம் போனில் வந்து விசாரித்தார். தலையில் எண்ணெய் இல்லை என்று திட்டுவார். திட்டிவிட்டு அவரே தேய்த்து விடுவார். இவ்வளவு இருந்தும், சில மாதத்துக்கு ஒருமுறை பொட்டு தேய்ந்து மங்கும்போது, பாட்டிலைத் தேடி எடுத்து மறுபடி வைப்பார். ஒருமுறை வைத்ததை மன்னிக்கலாம். ஒவ்வொரு முறையும் நிதானமாகப் புதுப்பிப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்கள் மகள் தென்றலுக்கு மூன்று வயது முடிந்தபோது அவளுக்கென்று ஒரு குட்டி டம்ளர் வாங்கினோம். மறுநாள் பார்த்தால் அதன் அடியிலும் சிவப்புப் பொட்டு.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். எனக்கு வைத்ததைப் பொறுத்துக்கொண்டேன், என் பிள்ளைக்கும் வைத்தால் இனி இந்த வீட்டில் இருக்க முடியாது என்று நேசனிடம் சொன்னேன். அம்மாவிடம் நான் பேசுகிறேன் என்றான். நீ பேச வேண்டாம், வீடு பார் என்றேன். திருப்பாலையில் ஒரு வீடு பார்த்தோம். தை பிறந்ததும் பால் காய்ச்சிக் குடிபோவது என்று ஆயிற்று. என் லேபுக்குப் பக்கம், தென்றல் பள்ளிக்கூடத்துக்குப் பக்கம் என்று ஏதோ காரணம் சொன்னோம். மாமியார் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. புது வீட்டுக்குச் சாமி படம் எது வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

இந்த நிலைமையில்தான் எங்கள் கம்பெனி வீட்டு டம்ளரைக் கொண்டுவர இருந்தது. ஒருவருக்கு ஒரு டம்ளர், குடும்பத்துக்கு ஒரு செட்டு, பொங்கலுக்கு விற்பனை. அதற்கு முன் ஊழியர்கள் வீட்டில் ஒரு வாரம் பழகிப் பார்க்க வேண்டும் என்றார் அமல்ராஜ். சோதனை வாரத்தில் விளக்கு எரியாது. எரிந்தால் எல்லோரும் ஜாக்கிரதையாகிவிடுவார்கள். கணக்கு மட்டும் லேபுக்கு வந்துவிடும். இதை மாமியாரிடமும் சொல்லிவிட்டுத்தான் நான்கு டம்ளர்களையும் சமையலறையில் வைத்தேன். தென்றலுடையது மட்டும் குட்டி, மற்ற மூன்றும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருந்தன. அவர் செய்த முதல் வேலை, நெயில் பாலிஷை எடுத்து என் டம்ளருக்கு அடியில் பொட்டு வைத்தது. கூடவே நின்ற தென்றலின் டம்ளருக்கும் வைத்தார். தை வர இன்னும் கொஞ்ச நாள்தானே என்று இருந்துவிட்டேன்.

வாரக் கடைசியில் லேபில் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தேன். நேசன் டம்ளரில் நேசன். தென்றல் டம்ளரில் தென்றல். மாமியார் டம்ளரில் ஒருவரும் இல்லை, எதிர்பார்த்ததுதான். என் டம்ளரில் இரண்டு பேர்.

முதல் ஆள் நான். காலையில் பாதி காப்பி குடித்துவிட்டு, மீதியை அப்படியே வைத்துவிட்டு ஓடுவது என் வழக்கம். நான் கிளம்பிக் கால் மணி நேரத்துக்குள், அதே டம்ளரில், பெயர் தெரியாத இரண்டாவது ஆள். ஒருநாள் இல்லை, ஏழு நாளும்.

அமல்ராஜ் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "டம்ளர் கோளாறா இருந்தா பொங்கலுக்கு விக்க முடியாது, பவளம். ஆள் உண்மைன்னா யாருன்னு சொல்லு," என்றார்.

அந்தப் புது ஆளின் துகள்களை நேசனுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நெருங்கிய ரத்தச் சொந்தம் என்றது கணினி. தென்றலோடும் ஒத்துப்போனது. நேசனுக்கு அண்ணன் தம்பி கிடையாது, அக்கா தங்கை கிடையாது, அப்பாவும் இல்லை. மீதி ஒரே ஒருவர்தான்.

கோளாறேதான் என்று சிரித்துக்கொண்டே எழுந்தேன். பெற்ற பிள்ளை கடித்த முறுக்கையே தொடாதவர் என் மாமியார். அவர் என் எச்சில் டம்ளரில் வாய் வைத்தார் என்று சொல்வதைவிட, ஆவின் மாடு முட்டையிட்டது என்று சொன்னால் நான் நம்பியிருப்பேன்.

இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை பாதி காப்பியை வைத்துவிட்டு, தென்றலையும் நேசனையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பஸ் ஸ்டாப் வரை நடந்தேன். அங்கிருந்து திரும்பிக் கொல்லைப்புறக் கதவு வழியாக வீட்டுக்குள் வந்தேன்.

மாமியார் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்திருந்தார். அடியில் சிவப்புப் பொட்டு தெரிந்தது. உதட்டை விளிம்பில் நன்றாக வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் பதறவில்லை. என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கடைசி மடக்கையும் குடித்து முடித்தார்.

"ஏழு நாளா? இவ்வளவு நேரமா ஒரு கணக்குக்கு?" என்றார்.

நான் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருஷமாக என்று கேட்டேன். கல்யாணமான வருஷத்திலிருந்து என்றார். டாக்டர் அவருக்குச் சர்க்கரை கூடாது என்று சொன்னது அப்போதுதான். நான் இரண்டு ஸ்பூன் போட்டுப் பாதியை வைத்துவிட்டு ஓடுகிறவள். அதைக் கொட்டப் போனபோது வாசனை இழுத்ததாம்.

"கல்யாணமாயி வந்தப்ப பொட்டு வச்சது நீ நெனச்ச காரணத்துக்குத்தான். பொய் சொல்ல மாட்டேன். எங்க வீட்ல அப்பிடித்தான் வளத்தாங்க. ஒடம்புல ஊறிப்போச்சு. அன்னிக்கு அந்தக் காப்பியக் குடிச்சுட்டு, என்னமோ ஆகப்போவுதுன்னு இந்த ஸ்டூல்லயே உக்காந்திருந்தேன். ஒண்ணும் ஆகல பவளம். ஒண்ணுமே ஆகல. அத்தன வருசம் எதுக்குப் பயந்தேன்னே தெரியல."

"அப்பவே அந்தப் பொட்ட அழிச்சிருக்கலாமே, அத்தை."

"அழிச்சா எது உன்னோடதுன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்றார். "நேசனும்தான் மிச்சம் வைக்கிறான். அவன் மிச்சம் எனக்கெதுக்கு?"

சர்க்கரைக்காகத்தான் ஆரம்பித்தாராம். நான் பிரசவத்துக்குப் போயிருந்தபோது, திருட்டுத்தனமாக அதேபோல இரண்டு ஸ்பூன் போட்டு அரை டம்ளர் கலந்து குடித்துப் பார்த்திருக்கிறார். பிடிக்கவில்லையாம். மூன்று மாதமும் காப்பியையே விட்டுவிட்டாராம். இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தார். தென்றலுக்கு ஏன் பொட்டு வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"அவதாண்டி அழுதா. அம்மா டம்ளர் மாதிரி எனக்கும் பொட்டு வேணும்னு தரையில உருண்டா. வைக்காட்டி பால் குடிக்க மாட்டேன்னுட்டா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்த டம்ளரைத் தூக்கித் தெருவில் எறிய வேண்டும் போலவும் இருந்தது. ஆத்திரத்தையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"நீங்க குடிச்சது உங்களுக்குத் தெரியும், அத்தை. எனக்குத் தெரிஞ்சது பொட்டு மட்டுந்தான். அஞ்சு வருசமா தினம் காலையில அதப் பாத்துத்தான் நான் வேலைக்குப் போனேன்."

முப்பது வருஷம் மற்றவர்கள் தப்பைச் சிவப்பு மையில் சுழித்த கை, டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தது.

"தப்புத்தான்," என்றார். "உன் எச்சியக் குடிக்கிறேன்னு உங்கிட்டயே எப்பிடிச் சொல்றது? வாய் வரல. தனியாப் போறேன்னு நீ சொன்னப்பவும் வரல. அப்பறம்தான் இந்த டம்ளரக் கொண்டாந்து வச்ச. இத்தன வருசமும் நான் உன் காப்பிய அண்ணாந்துதான் குடிச்சேன். இந்த வாரந்தான் வாய் வச்சேன். உதடு பட்டாத் தெரிஞ்சிரும்னு நீதான சொன்ன. நம்மால சொல்ல முடியாதத அதாவது சொல்லட்டும்னுதான்."

அப்போதுதான் எனக்குக் கொத்தவரங்காய் ஞாபகம் வந்தது. வாழ்நாளில் ஒரு பாத்திரத்திலும் உதடு படாமல் இருந்தவர், என்னைப் போக விடாமல் இருக்க, ஏழு நாள் என் எச்சில் டம்ளரில் வாய் வைத்து, நான் கண்டுபிடிப்பதற்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் என்னவென்றால் லேபில் உட்கார்ந்து கருவிக் கோளாறு என்று சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். தலையில் எண்ணெய் இல்லை என்று திட்டினார்.

அன்று மதியம் லேபுக்குப் போய், கோளாறு இல்லை, ஆள் உண்மை, எங்கள் அத்தைதான் என்றேன். அமல்ராஜ் துள்ளிக் குதிக்காத குறை. அண்ணாந்தே குடிப்பவர் வாய் வைத்ததைக்கூடப் பிடித்துவிட்டோம் என்றார். அவர் கொஞ்சம் அமைதியான பிறகு, 'யார்' என்று சொல்கிற பகுதியை டம்ளரிலிருந்து எடுத்துவிடப் போகிறேன் என்று சொன்னேன். கிருமி இருந்தால் சிவப்பு எரியட்டும். மனிதன் பட்டதற்கு எரிய வேண்டாம்.

"கிருமி எப்பவாவது வரும், பவளம். அடுத்தவன் தினம் வருவான். ஜனங்க காசு குடுக்குறது அடுத்தவனுக்குத்தான்," என்றார். கெட்ட மனிதர் இல்லை, வியாபாரம் தெரிந்தவர். நான் வாசல் டீக்கடையையும் என் அப்பாவையும் சொன்னேன். நாம் செய்யாவிட்டால் வேறு கம்பெனிக்காரன் செய்வான் என்றார். செய்யட்டும், என் கையால் வேண்டாம் என்றேன். எச்சிலில் ஆளை அடையாளம் காணும் முறை முழுக்க என் தலைக்குள்தான் இருந்தது. நான் போய்விட்டால் அந்த விளக்கு எதற்கும் எரியாது என்று அவருக்குத் தெரியும். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

பொங்கல் விற்பனை மந்தம்தான். ஆஸ்பத்திரிகள் வாங்கின, பள்ளிக்கூடங்கள் வாங்கின. டீக்கடைகளுக்குக் கொடுத்திருந்த பழைய கிளாஸ்களிலும் அந்தப் பகுதியை நிறுத்தினோம். வாசல் தட்டு சில கடைகளில் உள்ளே போனது, சில கடைகளில் விளக்கு இல்லாமலே வாசலில் தங்கிவிட்டது. அமல்ராஜ் சொன்ன மாதிரியே வேறொரு கம்பெனி ஆளைச் சொல்லும் டம்ளரோடு வந்தது. நான் உலகத்தைத் திருத்திவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அப்பா அடுத்த முறை வந்தபோது இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து டீ குடித்தோம், அவ்வளவுதான்.

திருப்பாலை வீட்டுக்கு நாங்கள் போகவில்லை. நேசனிடம் காரணத்தைச் சொன்னபோது, அம்மா என் மிச்சத்தை ஒருநாளும் தொட்டதில்லையே என்று அவனுக்குத்தான் வருத்தம்.

பொட்டுகளை மாமியாரே தேங்காய் நார் போட்டுத் தேய்த்து அழித்தார். தென்றல் வீடே அதிர அழுதாள். அவளுக்கு மட்டும் திரும்ப வைத்ததில் பாட்டில் அவள் கைக்குப் போய், டம்ளர், டபரா, குக்கர் மூடி, நேசனின் ஹெல்மெட் என்று அகப்பட்டதற்கெல்லாம் பொட்டு வைத்துவிட்டாள். எந்த டம்ளர் யாருடையது என்று யாருக்கும் தெரியாத நிலை வந்தது. நானும் சர்க்கரையை அரை ஸ்பூனாகக் குறைத்துவிட்டேன். அத்தை முகம் சுளித்தார், ஆனால் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை.

சோதனைக்குக் கொண்டுவந்த அந்த நான்கு டம்ளர்கள் மட்டும் பழைய முறையிலேயே வீட்டில் இருந்தன. விளக்கு வேண்டும் என்று தென்றல் கேட்டாள் என்பதற்காக எரிய விட்டிருந்தேன். ஒருநாள் காலை அத்தை என் கையில் காப்பியைக் கொடுத்தார். நான் இன்னும் வாய் வைக்கவில்லை. வளையம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. உள்ளே பார்த்தேன். காப்பி பாதிதான் இருந்தது.

"அத்தை?"

"பின்ன என்ன," என்றார், அடுப்பைத் துடைத்துக்கொண்டே. "நீ குடிச்சு மிச்சம் வச்சுட்டுக் கெளம்பறதுக்குள்ள ஆறிப்போவுது. ஆறின காப்பிய எத்தன வருசந்தான் குடிக்கிறது?"

நான் அந்த மிச்சத்தைக் குடித்தேன். நல்ல சூடாகத்தான் இருந்தது. பல் தேய்த்துவிட்டு வந்த நேசன், என் கையில் டம்ளர் சிவப்பாக எரிவதைப் பார்த்து, ரிப்பேரா என்று கேட்டான். இல்லை, சரியாகத்தான் வேலை செய்கிறது என்றேன்.